மாநிறம் தீட்டத் தெரியுமா?

காமிக்ஸ் பாத்திரத்தின் தோல் நிறத்தை நேற்றுவரை அச்சுக்கூடம் தீர்மானித்தது. இன்று அதைத் தீர்மானிப்பது டேப்லெட்டில் வண்ணம் தீட்டும் கை. அந்தக் கைக்கு மும்பைத் தாராவியின் தமிழ் முகங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

சுப்பாண்டி பிறந்தது திருச்சியில், உருவம் பெற்றது மும்பையில். திருச்சி வாசகர் ஒருவர் எழுதி அனுப்பிய நாட்டுப்புறக் கதைகளிலிருந்து அவனை எடுத்து, 1983 ஜனவரியில் 'டிங்கிள்' இதழ் அறிமுகம் செய்தது. வரைந்தவர் ராம் வயீர்கர். நம் கிராமத்துத் திண்ணைகளில் புழங்கிய அசட்டு வேலைக்காரன் ஒருவன் இப்படித்தான் மும்பை ஓவியர் ஒருவரின் தூரிகை வழியாக நாடெங்கும் உள்ள பிள்ளைகளுக்குச் சொந்தக்காரன் ஆனான். தமிழ்ப் பாத்திரங்கள் மும்பையில் உருவம் பெறுவது புதிதல்ல என்பதற்கு இது ஒரு சான்று. ஆனால் காமிக்ஸ் பற்றி நாம் பேசும்போதெல்லாம் கோட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். யார் பென்சிலில் வரைந்தார், யார் மை போட்டார், மூக்கு எப்படி, மீசை எப்படி என்று அலசுகிறோம். கோட்டுக்குள் நிரப்பப்படும் நிறத்தையும் அதன்மேல் விழும் ஒளியையும் நிழலையும் அலங்காரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒரு பாத்திரம் யார் என்பதைக் கோடு பாதிதான் சொல்கிறது. அவன் எந்த ஊர் வெயிலில் நிற்கிறான், என்ன வேலை பார்க்கிறான், வாசகர் அவனை விரும்ப வேண்டுமா, பயப்பட வேண்டுமா என்பதையெல்லாம் சொல்வது மற்றப் பாதியான வண்ணம். அந்தப் பாதியில் கருத்த முகத்துக்கு நெடுங்காலமாக நியாயம் கிடைக்கவில்லை. முன்பு அதற்கு அச்சு இயந்திரத்தைக் காரணம் காட்ட முடிந்தது. கணினியில் வண்ணம் தீட்டும் இந்தக் காலத்தில் அந்தக் காரணம் செல்லாது. இதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

நிறம் அச்சான நகரம்

இந்த வாதத்தை மும்பையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் தெய்வங்களின் நிறம் பெருமளவில் அச்சேறத் தொடங்கிய நகரங்களில் முக்கியமானது இது. ராஜா ரவிவர்மா 1894-ல் இங்கேதான் தன் கல்லச்சுக்கூடத்தைத் தொடங்கினார். பிறகு அது லோனாவாலா அருகேயுள்ள மளவலிக்கு இடம் மாறியது. வெளுத்த மேனியும் சிவந்த கன்னமும் கொண்ட லட்சுமியும் சரஸ்வதியும் அங்கிருந்து இந்தியா முழுவதும் போனார்கள். ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தின் ஒளி நிழல் முறையை இந்தியத் தெய்வங்களுக்குப் பொருத்தியது ரவிவர்மாவின் பெரும் சாதனை. ஆனால் அந்த முறையோடு ஐரோப்பிய மேனி நிறமும் சேர்ந்தே வந்து இறங்கியது. பின்னாளில் கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர் படங்களிலும் வழவழப்பான ரோஜா நிற மேனியே வழக்கமானது.

காமிக்ஸுக்கு வருவோம். 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நிறுவனம் 1964-ல் மும்பையிலிருந்து இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியது. அனந்த் பை 1967-ல் அமர் சித்திரக் கதையைத் தொடங்கினார். அமர் சித்திரக் கதையின் ஆரம்பகால இதழ்கள் முழு வண்ணத்தில் வரவில்லை. செலவைக் குறைக்க மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்களோடு சமாளித்தார்கள். பிறகுதான் முழு வண்ணம் வந்தது. ஒரு தலைமுறையின் மனத்தில் புராணப் பாத்திரங்கள் பதிந்ததில் ஓவியரின் கற்பனைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு அச்சுச் செலவுக் கணக்குக்கும் உண்டு. முழு வண்ணம் வந்த பிறகு சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. அமர் சித்திரக் கதையை ஆராய்ந்து நந்தினி சந்திரா 2008-லும் கார்லைன் மெக்லெய்ன் 2009-லும் நூல்கள் வெளியிட்டார்கள். அந்த இதழ்களில் நிறம் எப்படிப் பங்கு பிரிக்கப்பட்டது என்பது இன்று பரவலாக விவாதிக்கப்படுகிறது. அரசனும் முனிவரும் நாயகியும் வெளுப்பு. அசுரனும் காவலாளியும் வேட்டுவனும் கருப்பு. கண்ணனும் ராமனும் மட்டும் நீலத்தில் தப்பித்துக்கொண்டார்கள். படிக்கத் தெரியாத குழந்தைகூட முதல் கட்டத்தைப் பார்த்தவுடன் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று சொல்லிவிடும். கதை சொல்லாத தீர்ப்பை நிறம் சொல்லிவிட்டது.

அச்சுக்கூடத்தின் தீர்ப்புகள்

இது இந்தியாவின் தனி நோய் அல்ல. அமெரிக்கக் காமிக்ஸ் பல பத்தாண்டுகள் மலிவுத் தாளில், மூன்று வண்ண மைகளை 25, 50, 100 சதவீதப் புள்ளிகளாகக் கலந்து அச்சானது. அதில் கிடைக்கக்கூடிய கலவைகள் மொத்தம் 64. வெள்ளைக்காரத் தோலுக்கு 25 சதவீத மஞ்சளும் 25 சதவீதச் சிவப்பும் என்று நிலையான ஒரு குறியீடு இருந்தது. வண்ணக்காரர் அந்தக் குறியீட்டை எழுதிவிட்டால் போதும், முகம் சுத்தமாக அச்சாகிவிடும். பழுப்புத் தோலுக்கு அப்படி நம்பகமான கலவை இல்லை. மூன்று மைகளும் அழுத்தமாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் முகம் சேறாகும். குறைத்துப் போட்டால் சாம்பலாகும். 1962-ல் ஹல்க் முதல் இதழில் சாம்பல் நிறத்தில்தான் வந்தான். பக்கத்துக்குப் பக்கம் சாம்பல் ஒரே மாதிரி அச்சாகவில்லை என்பதால் இரண்டாம் இதழிலேயே பச்சையாக்கிவிட்டார்கள். உலகம் அறிந்த அந்தப் பச்சை அரக்கன் அச்சு இயந்திரத்தின் பிடிவாதத்தில் பிறந்தவன்.

ஹல்க் விஷயத்தில் இழப்பு ஒன்றும் இல்லை. 1963-ல் நடந்தது வேறு. 'சார்ஜென்ட் ஃப்யூரி' முதல் இதழில் கேப் ஜோன்ஸ் என்ற கருப்பினப் போர்வீரன் படையில் சமமான ஆளாக வருகிறான். அச்சுக்கு வண்ணத் தகடு செய்தவர்கள் அவனையும் மற்ற வீரர்களைப் போல வெளிர் நிறத்திலேயே போட்டுவிட்டார்கள். கதை எழுதியவர் ஒன்று நினைத்தார், வரைந்தவர் அப்படியே வரைந்தார், கடைசியில் நிறம் போட்ட கை அந்த மனிதனையே மாற்றிவிட்டது. இதற்கு நேர் எதிரான நிகழ்வும் உண்டு. ஈ.சி. காமிக்ஸ் 1953-ல் வெளியிட்ட 'ஜட்ஜ்மென்ட் டே' என்ற சிறுகதையில், நிறப் பாகுபாட்டில் ஊறிய ஒரு கிரகத்தை மதிப்பிட விண்வெளி வீரர் ஒருவர் வருகிறார். கதை முழுக்கத் தலைக்கவசத்தில் முகம் மறைந்திருக்கிறது. கடைசிக் கட்டத்தில் கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கருப்பர். முகத்தில் வியர்வைத் துளிகள் விண்மீன்களைப் போல மின்னுகின்றன. 1956-ல் மறுபதிப்பு செய்ய முயன்றபோது காமிக்ஸ் தணிக்கை அமைப்பு அந்த முகத்தின் நிறத்தை மாற்றச் சொன்னது. பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் மறுத்து, மாற்றாமலே வெளியிட்டார். அந்த ஒரு முகத்தின் நிறத்தை எடுத்துவிட்டால் கதையே இல்லை என்பது தணிக்கைக்காரருக்கும் புரிந்திருந்தது, பதிப்பாளருக்கும் புரிந்திருந்தது. நிறம் வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

கருவிகளும் நடுநிலையாக இருந்ததில்லை. கோடாக் நிறுவனம் புகைப்படக் கூடங்களுக்கு அனுப்பிய அளவீட்டு அட்டையில் நெடுங்காலம் இருந்தவர் ஒரு வெள்ளைப் பெண்மணி. அவர் தோல் சரியாக வந்தால் படம் சரி என்பது கணக்கு. கருப்பு முகங்கள் இருட்டில் கரைந்துபோனதைப் பற்றிய புகார்களைவிட, மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் விற்பவர்களும் பழுப்பு நிற வேறுபாடு தெரியவில்லை என்று புகார் செய்ததுதான் பிலிமை மேம்படுத்தத் தூண்டியது என்று இதை ஆராய்ந்த லோர்னா ராத் பதிவு செய்திருக்கிறார். குழந்தைகளின் கிரேயான் பெட்டியிலும் இதே கதைதான். கிரேயோலா நிறுவனம் 'சதை நிறம்' என்று விற்ற வெளிர் நிறக் குச்சியின் பெயரை 1962-ல்தான் 'பீச்' என்று மாற்றியது.

திரையில் என்ன மாறியது

1988-ல் ஜப்பானியக் காமிக்ஸான 'அகிரா'வை அமெரிக்காவில் வெளியிட்டபோது ஸ்டீவ் ஆலிஃப் அதற்குக் கணினியில் வண்ணம் தீட்டினார். 1990-ல் ஃபோட்டோஷாப் வந்தது. 1994-ல் அதன் மூன்றாம் பதிப்பில் லேயர் வசதி சேர்ந்தது. அந்த நாளோடு 64 கலவைகளின் சிறை உடைந்தது. இன்று ஒரு கோப்பில் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் கிடைக்கின்றன. பிழையைத் திருத்த ஒரு விசை போதும். நிழலைத் தனி அடுக்காகவும் ஒளியைத் தனி அடுக்காகவும் வைத்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் நிறைய டிஜிட்டல் காமிக்ஸில் கருத்த முகம் மண்பொம்மை போலவே இருக்கிறது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பாத்திரத்தை எடுத்துத் தீட்டிப் பார்ப்போம்.

தாராவி 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. ஜூலை மாதப் பிற்பகல், மழை விட்டிருக்கிறது. சந்தின் மேலே இரு பக்கத் தகரக் கூரைகளுக்கும் நடுவே நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். இடது பக்கம் ஒரு பட்டறையின் திறந்த கதவுக்குள் மஞ்சள் குண்டு பல்பு எரிகிறது. நம் நாயகி, திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைப் பெண், நனைந்த தலையோடு அந்தச் சந்தில் நிற்கிறாள். கோட்டு ஓவியம் முடிந்து கோப்பு வண்ணக்காரரிடம் வருகிறது. முதல் வேலை ஃப்ளாட்ஸ். தோல், தலைமுடி, துணி, சுவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒளி நிழல் இல்லாத ஒரே நிறத்தைப் பரப்புவது. அவசரக்காரர் இங்கே பழைய கோப்பிலிருந்து ஒரு வெளிர் தோல் நிறத்தை உறிஞ்சி எடுத்து, வெளிச்ச அளவை மட்டும் கீழே இழுத்துவிடுவார். சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. வெளிர் நிறத்தை இருட்டாக்கினால் கிடைப்பது இருட்டில் நிற்கும் வெளிர் தோல்தான், மாநிறம் அல்ல. மாநிறத்துக்குச் செம்பழுப்பில் ஆழம் கூட்ட வேண்டும். நிறச்செறிவைக் குறைக்காமல் வெளிச்சத்தை இறக்க வேண்டும். அடிநிறத்தை இப்படிப் பிடித்தால்தான் மேலே போகும் அடுக்குகள் நிற்கும்.

அடுத்தது நிழல். கீழுள்ள நிறத்தை இருட்டாக்கும் 'மல்டிப்ளை' அடுக்கில் சாம்பலையோ கருப்பையோ எடுத்துத் தடவுவது வழக்கமான குறுக்குவழி. வெளுத்த தோலில் அது ஓரளவுக்கு ஒப்பேறும். கருத்த தோலில் உடனே புகை படிந்ததுபோல ஆகிவிடும். நிழலுக்கும் நிறம் உண்டு. நம் சந்தில் மேலிருந்து வரும் ஒளி நீலத் தார்ப்பாய் வழியாக வடிகிறது. ஆகவே அவள் தாடைக்கும் கழுத்துக்கும் அடியில் சூடான அரக்கும், நெற்றியிலும் தோளிலும் குளிர்ந்த நீலமும் வர வேண்டும். பிறகு ஒளி. வெளுத்த தோலுக்கும் கருத்த தோலுக்கும் இடையிலான இயற்பியல் வேறுபாடு இங்கேதான் வேலை செய்கிறது. வெளுத்த தோலுக்குள் ஒளி புகுந்து சிதறி மென்மையாக வெளியே வருகிறது. முகத்தின் வடிவத்தைப் பெரிதும் காட்டுவது அந்தப் பரவலான வெளிச்சம். கருத்த தோல் உள்ளே போன ஒளியில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. எனவே மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் பளபளப்புதான் வடிவத்தைச் சொல்கிறது. மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, கீழுதட்டின் மேல்விளிம்பு, காறை எலும்பு ஆகிய இடங்களில் சிறிய, கூர்மையான ஒளித்துண்டுகள் வேண்டும். அவை வெள்ளையாக இருக்கக் கூடாது. தார்ப்பாயின் நீலம் ஒரு பக்கம், பட்டறை பல்பின் மஞ்சள் மறு பக்கம். ஈரமான கூந்தல் ஓரத்தில் அந்த மஞ்சளில் ஒரு மெல்லிய கோடு. அவ்வளவுதான், முகம் எழுந்து நிற்கும். வெளுத்த தோலுக்குக் கற்ற முறையை அப்படியே கொண்டுவந்து இருட்டாக்குபவர் இந்த ஒளித்துண்டுகளைத் தவறவிடுகிறார். அதனால்தான் அவர் தீட்டும் கருத்த முகம் தட்டையாக, உணர்ச்சியற்றதாக இருக்கிறது. குறை தோலில் இல்லை, பாடத்திட்டத்தில் இருக்கிறது.

கருத்த தோலில் ஒளி வைக்கும் இந்த வித்தையை நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். மும்பை இருக்கும் இதே மாநிலத்தில், அஜந்தாவின் சுவர்களில், ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் பழுப்பும் கருமையும் கலந்த உடல்களை அரசர்களாகவும் போதிசத்துவர்களாகவும் தீட்டியிருக்கிறார்கள். மூக்குத்தண்டிலும் உதட்டிலும் வெளிர் தீற்றல்கள் வைத்து வடிவத்தை எழுப்பியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்து 1931-ல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களிலும் மண்ணின் நிறத்து மேனிகள் கம்பீரமாக நிற்கின்றன. கருத்த மேனியை அழகாகத் தீட்டுவது இந்த நிலத்தில் கைவிட்டுப்போன வித்தை, இல்லாத வித்தை அல்ல. இடையில் வந்த கல்லச்சும் மலிவுத் தாளும் அதை மறக்கடித்தன.

மறுப்புகளும் பதில்களும்

முதல் மறுப்பு கலை சார்ந்தது. காமிக்ஸ் நிஜத்தின் நகல் அல்ல, குறியீடு. கண்ணன் நீலம், ஹல்க் பச்சை, காமிக்ஸ் நாயகன் வேதாளர் மாயாத்மாவின் உடை ஸ்காண்டிநேவியாவில் நீலம், இத்தாலியில் சிவப்பு. நிறத்தை நிஜத்தோடு ஒப்பிடுவதே தவறு என்பார்கள். குறியீடு என்பது உண்மைதான். சுப்பாண்டிக்கு நீலப் பிரதிபலிப்பும் ஈர ஒளியும் தேவையில்லை. அவன் கேலிச்சித்திர மரபில் வந்தவன், தட்டை நிறமே அவனுக்கு அழகு. ஆனால் குறியீடு என்றால் அதற்குப் பொருள் உண்டு என்றுதான் அர்த்தம். எல்லா நிறமும் சுதந்திரமான குறியீடாக இருந்திருந்தால், ஆயிரம் அசுரர்களில் சிலராவது வெளுப்பாகவும் ஆயிரம் இளவரசிகளில் சிலராவது கருப்பாகவும் வந்திருக்க வேண்டும். ஒரே திசையில் மட்டும் விழும் தேர்வைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. குறியீட்டின் ஆற்றலை ஒத்துக்கொள்பவர்தான் அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு தொழில் சார்ந்தது, இதில் நியாயம் இருக்கிறது. திரையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைசியில் நான்கு மைகளில்தானே அச்சாகிறது, ஆழ்ந்த பழுப்பு தாளில் சேறாகாதா? ஆகும், கவனிக்காவிட்டால். செய்தித்தாள் வகைத் தாளில் ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் கூட்டு ஏறத்தாழ 240 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பளபளப்புத் தாள் 300 சதவீதம் வரை தாங்கும். மலிவுத் தாளில் புள்ளிகள் ஊறிப் பெருத்து நடுத்தர நிறங்களை இருட்டாக்கும். இவை மாற்ற முடியாத உண்மைகள். ஆனால் தீர்வும் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. அச்சுக்கு அனுப்பும் முன் தோலின் நடுத்தர நிறங்களைச் சற்றுத் தூக்கி வைப்பது, நீல மையைக் குறைத்துச் சிவப்பையும் மஞ்சளையும் காப்பது, ஒளித்துண்டுகளுக்கும் அடிநிறத்துக்கும் இடையே வேறுபாட்டைக் கூட்டுவது, முகத்துக்குப் பின்னால் இருண்ட சுவரைத் தவிர்ப்பது. மாதிரி அச்சு எடுத்துப் பார்த்துத் திருத்தினால் மாநிறம் சுத்தமாக வரும். இவற்றில் எதுவும் ஹல்க் காலத்தைப் போல முடியாத காரியம் அல்ல. கூடுதலாகச் சில மணி நேர உழைப்புதான். அந்த உழைப்பை நாயகனின் பளபளக்கும் கவசத்துக்குத் தயங்காமல் கொடுக்கிறோம்.

மூன்றாவது மறுப்பு சந்தை. வாசகர் வெளுத்த நாயகனைத்தான் வாங்குவார் என்பது பதிப்புத் துறையின் பழைய நம்பிக்கை. இதற்குப் பதில் தாராவியிலேயே இருக்கிறது. பா. ரஞ்சித்தின் 'காலா' 2018-ல் வந்தது. தாராவியைக் களமாகக் கொண்ட அந்தப் படம் கருப்பை நாயகனின் நிறமாகவும் வெள்ளையை எதிராளியின் நிறமாகவும் வைத்து, பழைய குறியீட்டைத் தலைகீழாகப் புரட்டியது. இறுதிக் காட்சியில் கருப்பும் சிவப்பும் நீலமும் திரை முழுவதும் பறக்கும்போது, நிறமே அந்தப் படத்தின் வசனமாகிவிடுகிறது. மிகப் பெரிய நட்சத்திரத்தை வைத்தே இதைச் செய்ய முடிந்தது. காமிக்ஸ் உலகிலும் இடம் திறந்திருக்கிறது. மைல்ஸ் மொராலிஸ் என்ற கருப்பினச் சிறுவன் 2011-ல் ஸ்பைடர்மேன் ஆனான். 2018-ல் வந்த அவனது அனிமேஷன் படம் ஆஸ்கர் பெற்றது. அதன் தொடர்ச்சியாக 2023-ல் வந்த படத்தில் மும்பையையும் மன்ஹாட்டனையும் கலந்து உருவாக்கிய 'மும்பாட்டன்' நகரமும், பவித்ர் பிரபாகர் என்ற இந்திய ஸ்பைடர்மேனும் வந்தார்கள். பவித்ரை 2004-ல் உருவாக்கியவர்கள் ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஓவியர் ஜீவன் காங். அந்த 2023 படத்தில் ஒவ்வொரு பாத்திரத்தின் உலகமும் தனித்தனி வண்ண முறையில் தீட்டப்பட்டது. க்வென் என்ற நாயகி வரும் உலகம் அவள் மனநிலைக்கேற்ப நீர்வண்ணமாய் வழிந்து மாறும். மும்பாட்டனுக்கோ பழைய இந்திரஜால் காமிக்ஸ் பக்கங்களை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். நம் வீட்டுப் பரணில் கிடந்த இதழ்களின் நிறத்தை ஹாலிவுட் தேடி எடுத்துக்கொண்டு போகிறது. வாசகர் ஏற்கமாட்டார் என்று சொல்வதற்கு முன், வாசகருக்கு அதைக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

நான்காவது மறுப்புதான் என் பார்வையில் மிக முக்கியமானது. தமிழர் என்றால் கருப்பு என்று தீட்டச் சொல்வது இன்னொரு வார்ப்பு ஆகாதா? ஆகும், ஒரே நிறத்தைக் கேட்டால். மாட்டுங்காவின் பூக்கடைத் தெருவிலும், செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் படிக்கட்டிலும், தாராவியின் 60 அடிச் சாலையிலும் நடமாடும் தமிழ் முகங்களை ஒரே ஃப்ளாட் நிறத்தில் அடக்க முடியாது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நிறம், தங்கை ஒரு நிறம். தோல் மருத்துவத்தில் 1975-ல் உருவான ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் ஆறே படிகள். கைப்பேசி ஈமோஜிகளுக்கு 2015-ல் வந்த ஐந்து தோல் நிறங்கள் அதிலிருந்து பிறந்தவை. சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கி 2022-ல் கூகுள் வெளியிட்ட அளவுகோலில் பத்துப் படிகள். உலகமே படிகளைக் கூட்டிக்கொண்டு போகிறது. காமிக்ஸ் வண்ணக்காரரிடம் கேட்பதும் இதையேதான். வெளுப்புக்கு ஐந்து சாயல் வைத்துக்கொண்டு கருப்புக்கு ஒன்றே ஒன்று வைத்திருக்கும் பேலட்டை விரிவாக்குங்கள். கருத்த பெண் நாயகியாகவும் வரட்டும், கணக்கு வாத்தியாராகவும் வரட்டும், வில்லியாகவும் வரட்டும். நிறம் பாத்திரத்தின் குணத்துக்குச் சான்றிதழாக இல்லாமல், அந்த ஆளின் அடையாளமாக மட்டும் இருக்கட்டும்.

இப்போதே ஏன்?

இரண்டு காரணங்கள் இதை அவசரமாக்குகின்றன. ஒன்று, படம் செய்யும் செயற்கை நுண்ணறிவு. இணையத்தில் குவிந்திருக்கும் படங்களைத் தின்று வளரும் இந்த இயந்திரங்கள் அவற்றில் உள்ள சாய்வையும் சேர்த்தே கற்கின்றன. 2023-ல் ப்ளூம்பெர்க் நிறுவனம் ஒரு பிரபலமான பட இயந்திரத்தைச் சோதித்தபோது, அதிக ஊதிய வேலைகளுக்கு வெளுத்த முகங்களையும் குறைந்த ஊதிய வேலைகளுக்குக் கருத்த முகங்களையும் அது கூடுதலாக உருவாக்கியது தெரியவந்தது. அமர் சித்திரக் கதையின் பழைய பங்கீடு புது உருவில் திரும்பி வருகிறது. இன்று நம் வண்ணக்காரர்கள் தீட்டும் பக்கங்கள்தான் நாளைய இயந்திரங்களுக்குப் பாடம். மாநிறத்தை நன்றாகத் தீட்டிய பக்கங்கள் குவியாவிட்டால் இயந்திரமும் அதைக் கற்காது.

இரண்டாவது காரணம் தாராவியே. மறுசீரமைப்புத் திட்டம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. தார்ப்பாய் கட்டிய சந்தும், தகரக் கூரையின் இடுக்கில் விழும் ஒளியும், குயவர்கள் வாழும் கும்பார்வாடாவின் புகையும் இன்னும் எத்தனை ஆண்டு இருக்கும் என்று சொல்வதற்கில்லை. புதிய அடுக்குமாடி வீடுகள் அங்குள்ள மக்களுக்குத் தேவை, அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் மூன்று, நான்கு தலைமுறைத் தமிழ் வாழ்க்கை நடந்த இடத்தின் ஒளியைப் பதிவு செய்யும் கடமை கலைக்கு உண்டு. புகைப்படம் அந்த ஒளியைப் பிடிக்கும். அந்த ஒளியில் நிற்கும் ஒரு கற்பனை மனிதரை உருவாக்கி, அவரைப் பல தலைமுறை வாசகர்களோடு வாழவைக்கும் ஆற்றல் காமிக்ஸுக்குத்தான் அதிகம்.

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. மும்பைப் பதிப்பகங்களால் முடியும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. 'டிங்கிள்' இதழ் 2015-ல் மிசோரம் மாநிலத்துப் பெண் மபுயியை 'விங்ஸ்டார்' என்ற நாயகியாக்கியது. விவேக் கோயலின் ஹோலி கவ் நிறுவனம் 2011-ல் மும்பையிலிருந்து 'ராவணாயன்' தொடரைத் தொடங்கி, காலங்காலமாக வில்லனாக நின்ற ராவணனை நடுநாயகமாக நிறுத்தியது. அதே 2011-ல் அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொன்ன 'பீமாயணா'வில் பர்தான் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் கட்டங்களின் இலக்கணத்தையே தங்கள் மரபுக்கு வளைத்தார்கள். உள்ளிருந்து வரும் கை எதை மாற்றும் என்பதற்கு அந்த நூல் போதும். இன்று கிருதா போன்ற இலவச மென்பொருளும் மலிவான டேப்லெட்டும் இருந்தால், தாராவியிலோ செம்பூரிலோ ஒற்றை அறை வீட்டில் இருக்கும் பிள்ளையும் முழு காமிக்ஸ் பக்கத்தைத் தீட்டிவிடலாம்.

பதிப்பகங்கள் செய்ய வேண்டியவை மூன்று. வண்ணக்காரரின் பெயரை எழுத்தாளர், ஓவியர் பெயர்களோடு அட்டையில் போட வேண்டும். அமெரிக்காவின் ஐஸ்னர் விருதுகளில் வண்ணத்துக்குத் தனிப் பரிசு 1990களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பெயர் போட்டால் பொறுப்பும் வரும், பெருமையும் வரும். அடுத்து, ஒவ்வொரு தொடருக்கும் தோல் நிற அட்டை ஒன்றை, நிஜ மனிதர்களை நிஜ வெளிச்சத்தில் பார்த்து உருவாக்கி, அச்சில் சோதித்து வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, ஓவியப் பள்ளிகளும் அனிமேஷன் பயிற்சி நிலையங்களும் வண்ண வகுப்பை மாநிறத்திலிருந்தும் கருப்பிலிருந்தும் தொடங்க வேண்டும். பளபளப்பைக் கையாளக் கற்றவருக்குப் பரவலான வெளிச்சம் எளிதில் வரும், எதிர்த்திசையில் போனவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று மேலே பார்த்தோம். சுப்பாண்டி மும்பைக்கு வந்த காலத்தில் தமிழ்ப் பாத்திரத்தின் நிறத்தை யாரோ ஒருவர், ஏதோ ஒரு இயந்திரத்தின் வசதிக்காக முடிவு செய்தார். இப்போது இயந்திரம் எந்த நிறத்துக்கும் தயார். அடுத்த தமிழ் நாயகியின் முகத்தை அவள் தெருவைத் தெரிந்தவர்கள் தீட்ட வேண்டும். அந்த வேலையைக் கற்பித்து, கூலி கொடுத்து, பெயர் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது பதிப்பாளர்களின் பொறுப்பு. சரியாகத் தீட்டாத முகத்தைச் சரியில்லை என்று சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.